ரயில்வே காலனி டான்ஸ் ஹால்: வாசித்தவர்கள், ஆடியவர்கள், வெளியே நின்று கேட்டவர்கள்

மீட்டர்கேஜ்:

பொன்மலை, போத்தனூர், ஜோலார்பேட்டை, அரக்கோணம், விழுப்புரம், பெரம்பூர் என்று எந்த ரயில்வே காலனியில் வளர்ந்தவருக்கும் ரயில்வேக்காரர்களின் கிளப்பான இன்ஸ்டிட்யூட் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் பில்லியர்ட்ஸ் மேசை, ஒரு சின்ன லைப்ரரி, சீட்டாடும் அறை. நடுவில் மரத்தரை போட்ட பெரிய ஹால், அதன் கோடியில் மேடை. சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை ராத்திரி அந்த ஹாலில் டான்ஸ்.

ரயில்வே வரலாறு எழுதுகிறவர்கள் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி விட்டதில் தொடங்குவார்கள். 1951 ஏப்ரல் 14-ல் எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே), எஸ்.ஐ.ஆர். (சவுத் இந்தியன் ரயில்வே), மைசூர் ஸ்டேட் ரயில்வே மூன்றும் சேர்ந்து தென்னக ரயில்வே ஆனதைச் சொல்வார்கள். அப்புறம் என்ஜின் வகைகளுக்குப் போய்விடுவார்கள். அந்த ஊர்களில் ராத்திரி என்ன பாட்டு காதில் விழுந்தது என்று ஒரு வரி இருக்காது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அப்பா லோகோ ஷெட்டில் கால் பாயாக, அதாவது டியூட்டிக்கு ஆள் கூப்பிடும் பையனாக, வேலைக்குச் சேர்ந்தவர். டியூட்டி போட்ட டிரைவரையும் பயர்மேனையும் தேடிப் போய், புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். சனிக்கிழமை ராத்திரி பாதிப் பேர் வீட்டில் இருக்க மாட்டார்கள், ஹாலில் இருப்பார்கள். அரிக்கேன் விளக்கும் புத்தகமுமாக அப்பா வராந்தாவில் நிற்பார். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே போய்க் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று அவர் தனக்குத் தானே ஒரு விதி வைத்திருந்தார். பாட்டு முடிந்ததும் டிரைவர் வெளியே வந்து, தூணில் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டபடி வீட்டுக்கு நடப்பார். அரை மணியில் அவர் நீல ஓவரால் போட்டு ஷெட்டில் இருப்பார். அப்படிக் காத்து நின்ற நேரத்தில் அப்பா கற்றுக்கொண்ட மெட்டுகள் ஏராளம். கடைசி வரை சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு அட்டை கிடைத்தது. இரண்டாக மடித்த, உள்ளங்கை அகல அட்டை. முதுகில் ஒரு பட்டு நூல், அதில் சின்ன பென்சில் கட்டியிருந்த முடிச்சு இன்னும் இருக்கிறது. உள்ளே வரிசை எண் போட்டு நடனங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆள் பெயர் எழுத ஒரு கோடு. மேலே எஸ்.ஐ.ஆர். என்று அச்சாகியிருக்கிறது. வருஷம் இல்லை. ஃபாக்ஸ்ட்ராட், வால்ட்ஸ், குயிக்ஸ்டெப், பால் ஜோன்ஸ், போல்கா, லாம்பெத் வாக். கடைசி வரி, பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் ‘காட் சேவ் தி கிங்’.

இது எந்தக் காலத்து அட்டை? இந்த ஹால்களில் வாசித்த பேண்டுகாரர்கள் யார்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஆர்மரிகேட்:

மீட்டர்கேஜ் சார், அப்பா வராந்தாவில நின்ன கதை நல்லா இருக்கு. ஆனா அந்தக் கதையிலேயே என் கேள்வியும் இருக்கு. அவர் ஏன் வராந்தாவில நின்னார்? உள்ளே போய் நிக்க முடியாததாலதானே.

நான் பொன்மலைக்காரன். எங்க தாத்தா ஒர்க்‌ஷாப்ல பிட்டர். போத்தனூர், நாகப்பட்டினம், திருச்சி பட்டறைகளை எல்லாம் சுருட்டிக் கொண்டுவந்து பொன்மலையில ஒண்ணாக்கினதுதான் எங்க ஊர் பிறந்த கதை. அதோட ஆயிரக்கணக்கான பேரை வேலையை விட்டு அனுப்பத் திட்டம் போட்டாங்க. அதை எதிர்த்து 1928 ஜூலையில எஸ்.ஐ.ஆர். முழுக்க வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் ஜெயிலுக்குப் போனது அந்தப் போராட்டத்துக்காக. 1946 செப்டம்பர் 5, சங்கத் திடல்ல துப்பாக்கிச்சூடு. அஞ்சு தொழிலாளிங்க செத்தாங்க. இன்னைக்கும் அந்த நாள்ல கூடுறோம்.

அந்தக் காலத்து காலனில வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஒரு இன்ஸ்டிட்யூட், மத்தவங்களுக்குத் தனியா ஒண்ணு. பங்களா வரிசை வேற, லைன் வீடு வேற, கிளப்பும் வேற. அதனால ‘எங்க ஊர் டான்ஸ் ஹால்’னு எல்லாருக்கும் பொதுவா சொல்றப்ப எனக்கு உறுத்துது. பாட்டு மேல எனக்குக் கோபம் இல்ல. எங்க ஊருக்கும் பாட்டு இருந்தது, அது திடல்ல இருந்தது. மே தினத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே கோஷ்டி ஒத்திகை ஆரம்பிச்சிடும். அதையும் சேர்த்து எழுதினாத்தான் அது காலனியோட இசை வரலாறு.

அட்டையோட கடைசி வரியைப் பாருங்க. அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்னவங்களும், கொடி பிடிச்சு நின்னவங்களும் ஒரே சைரனுக்கு வேலைக்குப் போனவங்க.

பேஸ்வாத்தியம்:

வணக்கம். நான் மேடையில் நின்றவன், அதனால் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அட்டை. லாம்பெத் வாக் லண்டன் மேடையில் 1937-ல் வந்த ஒரு இசை நாடகத்திலிருந்து பரவிய ஆட்டம். 1938-ல் உலகமெல்லாம் ஆடினார்கள். ஆக, அட்டை அதற்கு முந்தியது இல்லை. அடுத்து, வரிசையில் ஜைவ் என்ற துள்ளல் ஆட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். யுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் வந்த பிறகு ஜைவ் இல்லாத டான்ஸ் இங்கே கிடையாது. அதனால் 1938-லிருந்து 1942-க்குள் என்று நான் சொல்வேன். எஸ்.ஐ.ஆர். என்ற தலைப்பும் ராஜா பாட்டும் அதற்குப் பொருந்துகின்றன.

இனி பேண்டு. நாங்கள் கல்யாண பேண்டு செட் குடும்பம். அப்பா கிளாரினெட். ஊர்வலத்துக்கு வாசித்துவிட்டு வந்த கையோடு கோயில் கொயருக்கும் வாசிப்பார். இன்ஸ்டிட்யூட் பேண்டில் பியானோவும் டிரம்பெட்டும் ஆங்கிலோ இந்தியர்கள். கிளாரினெட், டிரம், பேஸ் எங்களைப் போன்றவர்கள். ஆர்மரிகேட் தம்பி சொல்வது உண்மை. எங்களுக்கு மேடைக்குப் பின்னால் தனிப் படி. அந்தப் படியில் ஏறி வாசித்து, அந்தப் படியிலேயே இறங்கினோம். ஹால் தரையில் எங்கள் கால் படவில்லை. பிற்பாடு மெம்பர்ஷிப் எல்லாருக்கும் திறந்தது. திறந்த பிறகும் எங்கள் ஆட்கள் ஜோடியாகத் தரையில் இறங்க வருஷங்கள் ஆயின.

ஆனால் அந்த இசை எங்களுடையது இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாசித்தது எங்கள் விரல்.

நான் ஆரம்பித்தது தேயிலைப் பெட்டியில். பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டு ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை விளக்குமாற்றுக் கம்பில். கம்பைச் சாய்த்தால் சுதி இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். 1950-களில் கைக்குக் கிடைத்ததை வைத்து வாசிக்கும் ஸ்கிஃபில் இசை மோகம் வந்தபோது சீமையிலும் இதே பெட்டியில்தான் வாசித்தார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் நிஜ டபுள் பேஸைத் தொட விட்டார்கள்.

எங்கள் லீடர் ரயிலில் கார்டு வேலை பார்த்தவர், பியானோ வாசிப்பார். டியூட்டி வாட்சை பியானோ மேல் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார். வால்ட்ஸ் என்றால் நிமிஷத்துக்கு முப்பது பார் (தாளக் கட்டு), குயிக்ஸ்டெப் ஐம்பது. ஒரு பார் கூடினாலும் ஆடுகிறவர்களின் கால் முதலில் கண்டுபிடிக்கும், பிறகுதான் எங்கள் காது என்பார். பாட்டு தொடங்கிய முதல் நிமிஷம் அவர் கண் வாட்சில் இருக்கும். அதற்குப் பிறகு வாட்சைப் பார்க்கவே மாட்டார். மூன்று மணி நேரம் கச்சிதமாக ஓடும். வண்டி ஓட்டும் ஊரில் பேண்டும் அப்படித்தான் ஓடியது.

புதுப் பாட்டு வேண்டுமென்றால் ரேடியோ சிலோன் ஆங்கில ஒலிபரப்பு. மூன்று பேர் உட்காருவோம். முதல் வரி ஒருவர், இரண்டாவது வரி அடுத்தவர், மூன்றாவது வரி மூன்றாமவர். சிற்றலையில் குரல் மங்கும்போது விட்டுப்போன சொல்லை அடுத்த வாரம் பிடிப்போம். மெட்டு என் பொறுப்பு. காசு இருந்தபோது சென்னை மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலில் அச்சடித்த இசை நோட்டு வாங்கி வருவார்கள். மிஸ்க்வித் கம்பெனியாக 1842-ல் தொடங்கிய கடை அது.

அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1964-ல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பாட்டு இல்லாமல் ஒரு சனிக்கிழமைகூடப் போனதில்லை, அதற்குப் பிறகு இருபது வருஷம். பாடகர் எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க் 1936-ல் சென்னையில் பிறந்தவர் என்று தெரிந்ததும் அவர் பாட்டை வாசிப்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை.

தையல்மிஷின்:

போத்தனூர். எங்க அம்மா டெய்லர். டான்ஸ் ஹாலுக்குள்ள நாங்களும் போனதில்லைங்க, ஆனா அங்க ஆடுன ப்ராக்ல பாதி எங்க வீட்டு மிஷின்ல தைச்சது.

கிறிஸ்மஸ், நியூ இயர், ஈஸ்டர், மே குயின் பால் டான்ஸ். இந்த நாலு தேதிக்கும் அம்மா தூங்க மாட்டாங்க. காலனி அம்மாக்கள் சிம்ப்ளிசிட்டி பேட்டர்ன் காகிதம் கொண்டுவருவாங்க. சீமையிலிருக்கிற சொந்தக்காரங்க அனுப்பினது. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்தப் புள்ளிக்கோடும் அம்புக்குறியும் பார்த்தே வெட்டுவாங்க. ஆர்கண்டி, டஃபெட்டா, நெட். உள்ளே போடுற கேன்-கேன் பெட்டிகோட்டுக்கு நல்ல கெட்டியா வடிகஞ்சி போட்டு வெயில்ல விறைக்க விடணும். எங்க வீட்டுக் கொடியில அது காயுறதைப் பார்த்தே தெரு முழுக்க டான்ஸ் எப்பன்னு தெரிஞ்சுக்கும்.

முழு வட்டப் பாவாடை வெட்டினா உடனே அடிமடிப்பு தைக்கக் கூடாதுங்க. துணி குறுக்கு வாக்கில தொங்குற இடம் மட்டும் தன் கனத்துல இறங்கும். ரெண்டு ராத்திரி ஆணியில தொங்க விட்டுட்டு, அப்புறம் அந்தப் பொண்ணை வரச்சொல்லி, எங்க திண்ணையில சுத்தச் சொல்வாங்க அம்மா. அவங்க தரையில படுத்த மாதிரி குனிஞ்சு சாக்பீஸ் பிடிச்சிருப்பாங்க. நின்னா அளவு சரியா இருக்கறது போதாது, ஜைவ்ல சுத்தும்போது சரியா இருக்கணும். ‘இன்னொரு சுத்து’, ‘இன்னொரு சுத்து’ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. அந்த அக்காங்க சிரிச்சுக்கிட்டே சுத்துவாங்க. எனக்கு ஜைவ் கால் போடக் கத்துக்கொடுத்தது அந்தத் திண்ணையிலதான். நான் இன்னைக்கும் ஆடுவேன்.

மே குயினுக்கு கிரீடம் வெச்சவங்க பேரு அட்டையில, போட்டோவில இருக்கும். அந்த ப்ராக்கைத் தைச்சவங்க பேரு எங்கயும் இருக்காது. பேண்டுகாரங்க பேரு கேட்டீங்க இல்லையா மீட்டர்கேஜ் அண்ணா, டெய்லரம்மாக்கள் பேரையும் கேளுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 1948-லயே மாகாணம் பூரா மதுவிலக்கு. பெர்மிட் வெச்சிருக்கிறவங்க கதை வேற. மத்தவங்க வீட்டுல கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட், ஒரு கை கோதுமை போட்டு பீங்கான் ஜாடியில கட்டி வெச்சிடுவாங்க. வாரக்கணக்கா கிண்டிக் கிண்டி வெச்சு, வடிகட்டி, கிறிஸ்மஸுக்கு எடுப்பாங்க. தைச்ச ப்ராக்கை வாங்க வரும்போது அம்மாவுக்கு ஒரு சின்ன பாட்டில் வரும். அம்மா குடிக்க மாட்டாங்க, கேக்குக்கு ஊத்துவாங்க. 1971-ல கடை திறந்து, 1974-ல மறுபடி மூடினாங்க. ஜாடி மட்டும் எந்த வருஷமும் காலியா இருந்ததில்ல.

மூன்றாம்ஷிப்ட்:

கோலார் தங்கவயல். ரயில்வே இல்லை, இருந்தாலும் எழுதலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கதை அதே கதை.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் வந்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து எங்கள் முன்னோர்கள் சுரங்கத்துக்கு வந்தார்கள். பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்தது. பெங்களூர் தெருவுக்கு விளக்கு வரும் முன்பே எங்கள் சுரங்கத்துக்கும் வெள்ளைக்காரர்களின் கிளப்புக்கும் விளக்கு. எங்கள் லைன் வீடுகளில் அப்போதும் மண்ணெண்ணெய் விளக்குதான். கிளப் டான்ஸ் இரவுகளில் மேட்டிலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல்கள் மட்டும் தெரியும் என்று தாத்தா சொல்வார்.

ஒரு விஷயம் வேறு ஊர்களில் இருந்திருக்காது. எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அவ்வளவு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். மேலே வீட்டில் பாத்திரம் உருளும். டான்ஸ் நடக்கும் இரவில் அப்படி அதிர்ந்தால் பேண்டு நின்றுவிடும். ஆடிக்கொண்டிருந்த சூப்பர்வைசர்கள் கோட்டோடு ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். லைனிலிருந்து எங்கள் ஜனங்களும் அங்கேதான் ஓடுவார்கள். யார் கீழே இருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும் வரை எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

1956-ல் அரசாங்கம் எடுத்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். ஊரில் இன்றும் கிட்டார் வாசிக்கத் தெரியாத தெரு கிடையாது. சர்ச்சிலிருந்தும், அந்த ஜன்னல்களிலிருந்தும், அப்புறம் ரேடியோவிலிருந்தும் வந்தது அது.

ஆர்மரிகேட்:

தையல்மிஷின் அக்கா எழுதினது போல யாராவது எழுதணும்னுதான் நான் முதல்ல அப்படிக் கேட்டேன். தைச்சவங்க, வாசிச்சவங்க, விளக்கு பிடிச்சு நின்னவங்க. ஹாலை நடத்தினது இவங்க. ஆடினவங்க வேற. இதை மறைக்காம எழுதினா எனக்கு ஆட்சேபணை இல்ல.

பேஸ் ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும். ‘வாசித்தது எங்கள் விரல்’னு சொல்றீங்க. கூலி எப்படி? ஆங்கிலோ இந்திய வாத்தியக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே பங்கா?

பேஸ்வாத்தியம்:

லீடர் இருந்தவரை ஒரே பங்கு. அவர் வசூலான பணத்தை மேடையிலேயே, பியானோ மூடி மேல், எல்லார் கண் முன்னாலும் எண்ணிப் பிரிப்பார். அவருக்குப் பிறகு வந்தவர் காலத்தில் அப்படி இல்லை. அதனால்தான் நானும் என் டிரம்மரும் விலகினோம். இரண்டும் நடந்தது, இரண்டையும் எழுதுங்கள்.

மீட்டர்கேஜ்:

அட்டைக்குக் காலம் கணித்த பேஸ் ஐயாவுக்கு நன்றி. 1938–42 என்றால் அது அப்பாவின் அட்டை இல்லை, அவர் அப்போது சிறுவன். எந்த டிரைவரோ கொடுத்திருக்க வேண்டும்.

தரையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் நான் வேலை செய்திருக்கிறேன். பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டம், அதற்கும் கீழே காற்று போக இடைவெளி. வெளிச்சுவரில் காலடி உயரத்தில் கம்பி போட்ட ஓட்டைகள் இருக்கும். காற்றுக்கு வழி இல்லாவிட்டால் பலகை புழுங்கி வளைந்துவிடும். கரையானுக்கும் அதுதான் கொண்டாட்டம். அந்த இடைவெளியால் தரை லேசாகத் துள்ளும். சிமெண்டில் ஆடினால் ஒரு மணி நேரத்தில் முழங்கால் வலிக்கும், இதில் விடிய விடிய ஆடலாம்.

டான்ஸுக்கு முன் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. பெருக்கி, ஈரம் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மெழுகுவர்த்தியைக் கத்தியால் சீவித் தூவுவார்கள். மேலே போரிக் பவுடர். அடுத்த வேலை எங்களுடையது. சனிக்கிழமை மத்தியானம் காலனிப் பையன்களை எல்லாம் கூப்பிட்டு, கோணிச் சாக்கில் உட்காரவைத்து, இன்னும் இரண்டு பேரை இழுக்கச் சொல்வார்கள். சாக்கில் உட்கார்ந்தவன் கனம்தான் மெழுகைத் தேய்த்து ஏற்றும். அதனால் குண்டுப் பையன்களுக்கு கிராக்கி. நீளவாக்கில்தான் இழுக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் பலகை இணைப்பில் மெழுகு அடைந்து கட்டியாகிவிடும். அந்த ஹாலில் ஆங்கிலோ இந்தியப் பையன், தமிழ்ப் பையன் என்ற பேதம் இல்லாத ஒரே நேரம் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி. ஆறு மணிக்கு மேல் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே.

கேரேஜ்வொர்க்ஸ்:

பெரம்பூர். இங்க பட்டறை 1856-லயே வந்தது, அதனால எங்க காலனி உங்க எல்லாரையும் விடப் பழசு.

ஹால்கள் ஏன் ஓய்ஞ்சதுன்னு யாராவது கேப்பீங்கன்னு பார்த்தேன். என் கணக்கு இது. அரசியலமைப்புச் சட்டம் 336-வது பிரிவுல ரயில்வே, கஸ்டம்ஸ், தபால் தந்தி வேலைகள்ல ஆங்கிலோ இந்தியர்களுக்கு முன்னுரிமை இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை பத்து சதவீதம் குறைச்சுக்கிட்டே வந்து, 1960-ல அடியோட நின்னது. அப்பா டிரைவர், மகனும் டிரைவர்ங்கிற வழி அங்க அறுந்தது. முதல் அலை 1947-ஐ ஒட்டி இங்கிலாந்துக்குப் போச்சு. ஆஸ்திரேலியா 1966-ல குடியேற்ற விதிகளைத் தளர்த்தி, 1973-ல வெள்ளையருக்கு மட்டும்ங்கிற கொள்கையையே கைவிட்டதும் பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் குடும்பம் குடும்பமா கிளம்பினாங்க. பிரியாவிடை டான்ஸ்னு தனியா நடக்கும். ஆட ஆளில்லாம ஹால் என்ன செய்யும்? மக்களவை, சட்டமன்ற நியமன இடங்கள்கூட 104-வது திருத்தத்தோட 2020 ஜனவரியில போயிடுச்சு.

பேஸ்வாத்தியம்:

தம்பி சொல்லும் காரணங்கள் சரி, வரிசைதான் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஆட்கள் போவதற்கு முன்பே பேண்டு போய்விட்டது. எங்கள் ஹாலில் 1970-களின் கடைசியில் ஸ்பூல் டேப்பும் ஆம்ப்ளிஃபயரும் வந்தன. எட்டுப் பேருக்குக் கூலி கொடுப்பதை விட ஒரு அஹுஜா பெட்டி வாடகைக்கு எடுப்பது மலிவு. டேப் களைப்படையாது, காபி கேட்காது. ஆனால் ஆடுகிறவர் மூச்சு வாங்கினால் அது கவனிக்காது. வயசான ஜோடி தரையில் இருக்கும்போது லீடர் எங்களுக்குக் கண் காட்டுவார், ஒரு வரியைத் திரும்ப வாசிக்காமல் முடித்துவிடுவோம். இளசுகள் சூடாக இருந்தால் இன்னும் இரண்டு சுற்று. அதை டேப்பிடம் யார் சொல்வது? பேண்டு இருந்திருந்தால் மிச்சமிருந்த குடும்பங்களை வைத்தே இன்னும் பத்து வருஷம் ஹால் நடந்திருக்கும். இது என் துணிபு.

அந்த இசை எங்கே போனது என்று கேட்டால், கொஞ்சம் கோடம்பாக்கத்துக்குப் போனது. சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வயலின், டிரம்பெட், சாக்ஸ், கிட்டார் வரிசையில் கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை படித்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. வால்ட்ஸ் நடையில் எத்தனை தமிழ்ப் பாட்டு வந்தது என்று எண்ணிப் பாருங்கள். என் அப்பாவுக்கு வால்ட்ஸ் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘தகிட தகிட’ என்று ஒரு முறை சொன்னார், முதல் அடியில் மட்டும் கொஞ்சம் அழுத்தினார், முடிந்தது. குயிக்ஸ்டெப்தான் அவருக்குக் கஷ்டம், அங்கே கிளாரினெட் ஓட வேண்டும், ஆனால் அவசரப்படக் கூடாது.

தையல்மிஷின்:

புது வருஷ ராத்திரி பத்தி ஒருத்தரும் எழுதலையே! ஹால்ல பன்னெண்டு மணிக்கு எல்லாரும் கை கோத்து ‘ஓல்ட் லாங் ஸைன்’ பாடுவாங்க. அதே நேரத்துல ஷெட்டுல நிக்கிற அத்தனை ஸ்டீம் என்ஜினும் ஒண்ணா விசில் அடிக்கும். ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒவ்வொரு சுதி. எங்க தெருவுல நாய் எல்லாம் ஊளையிடும், குழந்தைங்க எல்லாம் முழிச்சுக்கும். அம்மா மிஷினை நிறுத்திட்டு வாசலுக்கு வருவாங்க. டீசல் வந்தப்புறம் அந்தச் சத்தமே இல்ல.

மீட்டர்கேஜ்:

எங்கள் ஊரிலும் உண்டு. ஷெட்டில் அந்த விசிலை அடித்தது ராத்திரி டியூட்டி பார்த்த தமிழ் பயர்மேன்களும் கிளீனர்களும். பேஸ் ஐயா, உள்ளே பாட்டு ஓடும்போது இந்த விசில் என்ன சுதியில் கேட்கும்?

பேஸ்வாத்தியம்:

எங்கள் சுதிக்கு ஒத்தே வராது. லீடர் ஒவ்வொரு வருஷமும் அரை நிமிஷம் எங்களை நிறுத்திவிடுவார். ‘அவர்கள் முடிக்கட்டும்’ என்பார். விசில் ஓய்ந்த பிறகு மறுபடி முதல் வரியிலிருந்து எடுப்போம்.

ஆர்மரிகேட்:

ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போனப்ப பெரியப்பா வீட்டுக்கும் போயிட்டு வந்தேன். அவருக்கு எண்பது தாண்டிடுச்சு, ஞாபகம் தெளிவா இருக்கு. இந்த இழையைப் படிச்சுக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். மே தின ஊர்வலத்துக்கு சைடு டிரம் வாசிச்ச ஆளும் இன்ஸ்டிட்யூட்ல சனிக்கிழமை வாசிச்ச ஆளும் ஒருத்தரே. டிரம்மும் ஒண்ணே. இன்ஸ்டிட்யூட் சொத்து அது. வெள்ளிக்கிழமையே ‘தோல் மாத்தணும்’னு சொல்லி வெளிய எடுத்துட்டு வந்துடுவாராம். ஊர்வலம் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டுபோய் வெச்சிடுவார். செகரட்டரிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்னு பெரியப்பா சொல்றார். திடல்ல அவர் வாசிச்ச அடி என்னன்னு கேட்டேன். மேசையில தட்டிக் காட்டினார், போன்ல பதிவு பண்ணியிருக்கேன்.

இதுக்காக நான் முதல்ல சொன்னது மாறலை. ஆடுற தரையில அந்த டிரம்மருக்கு இடம் இல்லாமத்தான் இருந்தது.

பேஸ்வாத்தியம்:

பதிவைக் கேட்டேன். அது குயிக்ஸ்டெப் அடி, வேகம் மட்டும் குறைத்து நடைக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார். இரண்டாவது சுற்றில் ஒரு ரோல் போடுகிறாரே, அது எங்கள் ஹாலில் பால் ஜோன்ஸில் ஜோடி மாற்றச் சொல்லும் ரோல். பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அந்த டிரம்மர் இன்ஸ்டிட்யூட்டில் எந்த வருஷங்களில் வாசித்தார் என்றும் கேளுங்கள்.

மீட்டர்கேஜ்:

கேட்டு எழுதுங்கள் ஆர்மரிகேட். நான் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரே அந்தக் காலத்தில் என்ன மெட்டு வாசித்திருப்பார்கள் என்று தெரிந்தவர்கள் நிரப்புங்கள். தையல்மிஷின் அக்கா சொன்னபடி டெய்லரம்மாக்கள், பேண்டுகாரர்கள், மெழுகு தேய்த்தவர்கள், கால் பாய்கள் எல்லாருக்கும் ஊர்வாரியாகத் தனிப் பட்டியல் தொடங்குகிறேன். வீட்டார் சம்மதம் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.

பேஸ்வாத்தியம்:

மற்றதை எல்லாரும் நிரப்பட்டும். போல்காவுக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதாதீர்கள், அப்பா வாசித்த போல்கா எனக்கு முழுதாக நினைவிருக்கிறது. பேரனை கிளாரினெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறோம்.